பைகளை எண்ணினவள் சொன்ன நன்றியுரை

1

கடித உறையில் 'மிசிஸ் சூசைதாசன்' என்று இருந்தது. அது என் கணவரின் பெயர். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். நான் கனடாவுக்கு வந்து இறங்கிய அன்று என் கடவுச்சீட்டைப் பார்த்த பிள்ளை, எது என் பெயர், எது அவருடைய பெயர் என்று கேட்காமலே ஏதோ அடித்துத் தந்தாள். அன்றிலிருந்து வங்கி, ஆஸ்பத்திரி, வேலை எல்லா இடத்திலும் நான் சூசைதாசன்தான். மனிசன் உயிரோடு இருந்த காலத்தில் தான் உடுக்கிற சாரத்தைக்கூடத் தானே தோய்த்ததில்லை. பத்தொன்பது வருடம் ஒரு யூனிவர்சிற்றியின் புட்போல் ரீமுக்கு அவருடைய பெயரில் உடுப்புத் தோய்த்தது நான். பிலோமினா.

கடிதத்தை என் மகள் ஜெனிற்றா வாசித்துச் சொன்னாள். அவள் விட்பியில் இருக்கிறாள். நான் ஸ்காபரோவில், முதியோர் கட்டிடத்தில் ஆறாம் மாடி. ரீம் கிண்ணம் வென்று பத்து வருடம் ஆகிறதாம். பக்கத்தில் மார்க்கம் என்கிற நகரத்தில், ஒரு மண்டபத்தில் இராச்சாப்பாடு. அன்று விளையாடின எல்லாரும் வருகிறார்கள். எனக்கும் ஒரு நினைவுக் கேடயம் தரப்போகிறார்கள்.

"போவம் அம்மா. வாங்கிப்போட்டு தாங்க்யூ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"நான் எப்ப கதைச்சனான்?" என்று கேட்டேன்.

அது உண்மை. ஆட்கள் கூடின இடத்தில் நான் வாய் திறந்தவள் இல்லை. செபக்கூட்டத்திலும் எனக்கு வாசகம் தந்துவிடக்கூடாது என்று பின்வரிசை வாங்கில் போய் இருக்கிறவள்.

ஊரில் நம்முடைய பங்குக் கோயில் மலருக்கு, வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள். நான் புட்போலைப் பற்றி எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். கருத்தைத் திருத்த வேண்டாம்.

2

நீங்கள் நினைக்கிற, காலால் அடிக்கிற பந்து இல்லை இது. தேங்காய் மாதிரி நீட்டுப் பந்து. கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து மறிப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். மழை. யார் வென்றது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுத்தான் அறிந்தேன்.

ஆனால் உடுப்பு எனக்கு விளங்கும். முழங்காலில் புல்லுக்கறை இருந்தால் அவன் விடாமல் துரத்தினவன். முதுகில் சேறு இருந்தால் விழுத்தப்பட்டவன். மடிப்புக் கலையாமல் வந்தால் விளையாட விடாமல் ஓரத்து வாங்கில் இருந்தவன். வாங்கில் இருந்தவனின் உடுப்பையும் நான் தோய்த்துத்தான் கொடுப்பேன். சும்மா திருப்பிக் கொடுத்தால் அவனுக்கு மனம் நோகும்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது என்ன படிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. ஐந்து என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்த பெண் பேனையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடம் முடித்துப் பிறகு ஐந்து வருடமா என்று கேட்டாள். இல்லை, மொத்தமே ஐந்து என்று விரலைக் காட்டினேன். வேலையைத் தந்தார்கள். தோய்க்கிற மெசினில் ஐந்து பொத்தான்தான் இருந்தது.

அடித்தளத்தில் யன்னல் இல்லாத அறை. ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு வலைப்பை. தன் உள்ளுடுப்பு, காலுறை, சட்டை எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, இலக்கம் பொறித்த பெரிய ஊக்குப் பின் ஒன்றால் வாயைப் பூட்டிக் கூடைக்குள் எறிவான். பையோடேயே தோய்த்து, பையோடேயே காயவைத்து, இலக்கப்படி கொக்கியில் கொளுவிவிடுவேன். பையில் பெயரைக் கறுப்பு மைப் பேனையால் எழுதுவது. அந்த மை எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது. ஒருவன் ரீமை விட்டுப் போனால் பையை எறிந்துவிட்டு, பின்னை மட்டும் ஒரு மாப்பேணிக்குள், பால்மா வந்த வெறும் தகரத்துக்குள், போட்டு வைப்பேன்.

நான் சேர்ந்த காலத்தில் இருந்த கோச்சுக்கு வீடியோப் பைத்தியம். ஆர் உயரம், ஆர் பாரம், ஆர் வேகம் என்று பார்த்துத் தூரத்து ஊர்களில் இருந்தெல்லாம் பெயர் பெற்ற பெடியன்களைக் கொண்டுவருவார். செப்ரெம்பரில் புதுப் பை எழுதி எழுதி என் கை நோகும். நாலைந்து ஆட்டம் வெல்வார்கள். அடுத்த செப்ரெம்பரில் பார்த்தால் மாப்பேணி நிறைந்திருக்கும். ஒருத்தன் படிப்பில் விழுந்து போனான், ஒருத்தன் வீட்டு நினைப்பில் போனான், ஒருத்தன் வேறு ரீமுக்குப் போனான். திரும்பவும் புதுப் பை, திரும்பவும் சின்னப் பெடியன்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளை, இருபத்திரண்டு வயது ஆம்பிளைகளோடு மோத விட்டால் என்ன நடக்கும்? உடுப்பு முழுக்க முதுகுச் சேறுதான்.

பேணி நிறைந்தால் அடுத்த வருடம் தோல்வி. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருவரும் என்னைக் கேட்கவும் இல்லை.

3

அதற்குப் பிறகு வந்தவர் வால்ற்றர். பெரிய வயிறு, தேய்ந்த தொப்பி. முதல் நாளே தோய்க்கிற அறைக்குள் வந்து என் கழுத்தில் தொங்கின அட்டையைப் பார்த்தார்.

"இது உங்கள் பெயரா?"

"இல்லை. கணவரின் பெயர்."

"அப்போது உங்கள் பெயர்?"

அந்தக் கட்டிடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். அன்றிலிருந்து பிலோ என்றுதான் கூப்பிட்டார்.

மாரி காலம் முழுக்க அவர் காரில் திரிவார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பெடியன்களைப் பார்ப்பார். பார்த்த பிறகு அவர்களைத் தாய் தகப்பனோடு ஒருநாள் கூப்பிடுவார். மைதானம், வகுப்பறை, சாப்பாட்டறை எல்லாம் காட்டுவார். கடைசியாக, தாய்மாரை மட்டும் கீழே கூட்டிக்கொண்டு என் அறைக்கு வருவார். "உங்கள் மகனின் உடுப்பைத் தோய்க்கப் போகிறவர் இவர்தான். என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கதவடியில் நிற்பார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். ஜமேக்காத் தாய்மார், கானாத் தாய்மார், இத்தாலித் தாய்மார். அவர்கள் என் ஆங்கிலத்தைப் பார்க்கவில்லை. மெசினைத் திறந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தார்கள். ஒரு தாய், மகனுக்கு வாசச் சவர்க்காரம் போட்டால் உடம்பு தடிக்கும் என்று சொன்னாள். அவனுடைய பையில் ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்து, நாலு வருடமும் வேறு சவர்க்காரத்தில் தோய்த்தேன்.

அந்த முதல் வருடம் ஒரு தமிழ்த் தாயும் வந்தாள். மகன் கஜன், பந்து உதைக்கிறவன்; இந்த விளையாட்டிலும் அதற்கென்று ஒருத்தன் இருப்பான்.

"அன்ரி, நீங்கள் தமிழோ?"

"ஓம் பிள்ளை. மன்னார்."

"ஐயோ கடவுளே, நல்ல காலம். நாங்கள் கொக்குவில். அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. உவங்கள் படிக்கிறவங்களோ, இல்லாட்டி அடிபட்டுத் திரியிறவங்களோ?"

"ரெண்டும்தான்."

"இவன்ரை அப்பா வீட்டிலை சாப்பிடாமல் இருக்கிறார். இஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளைக்குப் பந்தென்னத்துக்கு எண்டு."

"போன மாதம் ஒருத்தன் கணக்குப் புத்தகத்தையும் பையுக்கை போட்டு அனுப்பிப்போட்டான். நானும் பாக்காமல் மெசினுக்கை போட்டிட்டன். கஞ்சியாய்த்தான் வெளியிலை வந்தது. பெடியன் நிண்டு அழுதவன். படிக்காதவன் அழுவானோ பிள்ளை?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கதவடியில் நின்ற வால்ற்றரை நாடியால் காட்டினாள்.

"இந்தாள் எப்பிடி? நல்லாத்தான் கதைக்குது. எல்லாரும் பிள்ளையைச் சேர்க்குமட்டும் நல்லாத்தான் கதைப்பினம்."

"இவர் கூட்டிக்கொண்டு வந்தால் கைவிடமாட்டார்" என்றேன்.

அந்த ஆள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது என்ன தெரியும்? ஆனால் சொல்லிவிட்டேன். அவளும் நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள்.

4

தோற்றார்கள். முதல் வருடம் தோல்வி, இரண்டாம் வருடம் தோல்வி, மூன்றாம் வருடமும் தோல்வி. பேப்பரில் எழுதினார்கள். மேலே அலுவலகத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

எனக்கு மட்டும் வேறு ஒன்று தெரிந்தது. போன செப்ரெம்பரில் பெயர் எழுதின பைகள் திரும்பி வந்தன. அடுத்த செப்ரெம்பரிலும் அதே பைகள். மாப்பேணிக்குள் பின் விழுகிற சத்தமே இல்லை. படிப்பில் சறுக்கினவனை வால்ற்றர் தன் அறையில் இருத்திப் படிக்க வைப்பார் என்று பெடியன்கள் சொல்வார்கள். முதல் வருடம் தொளதொளவென்று கிடந்த சட்டைகள் மூன்றாம் வருடம் தோளில் இறுகி, தையல் விடத் தொடங்கின. முதுகுச் சேறு குறைந்து முழங்காலுக்கு வந்தது. வேர் பிடித்துவிட்டது, இனிக் காய்க்கும் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் முடிய வால்ற்றரை வேலையால் நிற்பாட்டினார்கள்.

ஒரு மட்டைப் பெட்டியோடு கீழே வந்தார். அதற்குள் ஒரு கோப்பி கப்பும் இரண்டு தொப்பியும் கிடந்தன. "பிலோ, பைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். பெடியன்கள் வேர்வை துடைக்கிற துவாயில் தோய்த்த ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் அதையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாளில் கஜனின் தாய் எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, நீங்கள் சொன்ன ஆளைத் துரத்திப்போட்டாங்கள். பிள்ளையை வேற இடத்துக்கு மாத்துவம் எண்டு இருக்கிறம். ஆனால் அந்த மனிசன் நேற்று எனக்குப் போன் எடுத்தது."

"ஆர், கோச்சோ?"

"ஓம். 'எனக்கு நடந்ததுக்காகப் பிள்ளையை எடுக்காதையுங்கோ, இன்னும் ஒரு வருசம் பொறுங்கோ, அவங்கள் தயார்' எண்டு சொன்னது. எல்லாத் தாய்மாருக்கும் எடுத்ததாம் அன்ரி. வேலை போன ஆளுக்கு இது தேவையோ?"

கொளுவியிருந்த பைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"பெடியனை இஞ்சையே விடுங்கோ பிள்ளை. மற்றப் பைகள் எல்லாம் இஞ்சை கிடக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த செப்ரெம்பரில் ஒரு பின்கூடக் குறையவில்லை. கோட்டுப் போட்ட புதுக் கோச் வந்தார். அந்த வருடம் எல்லா ஆட்டமும் வென்றார்கள், கிண்ணமும் வந்தது. இறுதி ஆட்டத்து உடுப்பைத் தோய்த்தபோது பார்த்தேன். சேறு பட்ட பைகளில் முக்கால்வாசி வால்ற்றரின் காலத்தில் நான் பெயர் எழுதின பைகள். பேப்பரில் புதுக் கோச்சின் படம்.

அவர் கெட்ட மனிசன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தாய்மாரைக் கீழே கூட்டிவருவதை முதல் மாதமே நிற்பாட்டினார். "நேரம் வீண்" என்றாராம். வென்ற ரீமுக்கு ஆட்கள் தாங்களாகவே வருவார்கள் என்று நினைத்தார். வந்தார்கள்தான். வந்த மாதிரியே போனார்கள். அந்தப் பழைய பெடியன்கள் படித்து முடித்துப் போக, இரண்டு மூன்று வருடத்தில் மாப்பேணி திரும்ப நிறைந்தது. பிறகு தோய்க்கிற வேலையை வெளியில் ஒரு கொம்பனிக்குக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். கேக்கிலும் சூசைதாசன்தான்.

ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தபோது, இந்தப் பத்தொன்பது வருடமும் வேலை செய்தது ஆணா பெண்ணா என்று ஒரு அலுவலர் போனில் கேட்டார். அதையும் ஜெனிற்றாதான் கதைத்துத் தீர்த்தாள். அவள் தன் சிநேகிதிகளிடம், அம்மா யூனிவர்சிற்றியில் வேலை செய்தவ என்று மட்டும் சொல்வாள். என்ன வேலை என்று சொன்னதில்லை. நான் குறை சொல்லவில்லை. நானும் ஊருக்கு எழுதின கடிதங்களில் அப்படித்தான் எழுதினேன். இன்றைக்கு எழுதுகிறேன்: உடுப்புத் தோய்த்தேன்.

5

மார்க்கம் மண்டபத்தில் வட்ட மேசைகள். என் மேசையில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தார்கள். ஜெனிற்றா வாசித்தாள். பெடியன்களின் பெயர், புதுக் கோச்சின் பெயர், உதவி செய்த கடைகளின் பெயர், என் கணவரின் பெயர்.

"வால்ற்றர் எண்டு இருக்கோ பார்."

"இல்லை அம்மா."

"வடிவாப் பார்."

"ரெண்டு தரம் பாத்திட்டன். இல்லை."

அப்போதுதான் கஜன் வந்து என் தோளைத் தொட்டான். முடி கொஞ்சம் கொட்டி, இஞ்சினியராகி, தாடியோடு நிற்கிறான்.

"அன்ரி! எப்படி இருக்கிறீங்கள்? கோச்சைப் பிக்அப் பண்ணிக்கொண்டு வந்தனான். அவரை இன்வைட் பண்ணேல்லை, சோ என்ர கெஸ்ட் எண்டு போட்டன்."

பின் மேசையில், கதவுக்குப் பக்கத்தில், வால்ற்றர் இருந்தார். பாதி ஆளாக வற்றியிருந்தார். பக்கத்தில் ஊன்றி நடக்கிற பொல்லு. பெடியன்கள் ஒவ்வொருத்தராகப் போய்க் குனிந்து கதைத்துவிட்டு வந்தார்கள். மேலிடத்து ஆட்கள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அம்மா, உங்கடை முகத்தைப் பாத்தால் எனக்குப் பயமாக் கிடக்கு. பிரச்சினை ஒண்டும் வேண்டாம். பிளீஸ்" என்றாள் ஜெனிற்றா.

"கோழியைச் சாப்பிடு" என்றேன்.

விளையாட்டுப் பகுதிக்குப் பெரியவர் ஒருவர் எழும்பிப் பேசினார். புதுக் கோச் ஒன்றுமில்லாத இடத்தில் இருந்து ஒரே வருடத்தில் இந்த ரீமைக் கட்டி எழுப்பினார் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் வால்ற்றரைப் பார்த்தேன். அவரும் கை தட்டினார்.

அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்றுமில்லாத இடமாம். அப்படியென்றால் என் அறையில் கொளுவிக் கிடந்த அந்தப் பைகள் என்ன? அந்தத் தாய்மார் ஆர்? இந்த மனிசனுக்கு வயது போய்விட்டது. இன்னொரு பத்து வருடம் கழித்து ஒருவரும் அவரைக் காரில் ஏற்றிவரப் போவதில்லை. இன்றைக்கு அவர் காதில் விழாவிட்டால் இனி விழாது.

என்னைக் கூப்பிட்டார்கள். கேடயத்தைத் தந்தார்கள். தாங்க்யூ என்று மைக்கில் சொன்னேன். பெரியவர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

நம்முடைய கூட்டம் ஒன்றில் நன்றியுரை சொல்லாமல் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ரொறன்ரோவிலும் அப்படித்தான். ஒலிபெருக்கிக்காரரின் பெயரை விட்டால் அவர் அடுத்த முறை வரமாட்டார். வடை சுட்டவவை விட்டால் மூன்று வருடம் கதைக்கமாட்டா. எத்தனையோ நன்றியுரை கேட்டிருக்கிறேன். ஒருவரையும் விடக்கூடாது என்பதுதான் அதன் ஒரே சட்டம். ஆங்கிலேயர் முறையில் எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த முறையில் செய்தேன்.

என் ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. தமிழில் இப்படித்தான் சொன்னேன்.

"என் பெயர் பிலோமினா. சூசைதாசன் என் கணவர், அவர் ஒன்றும் தோய்க்கவில்லை. கோழி சமைத்தவர்களுக்கு நன்றி. இந்த மைக்கைப் பூட்டினவருக்கு நன்றி. மேசை துடைத்த பிள்ளைகளுக்கு நன்றி. புதுக் கோச்சுக்கு நன்றி, அவர் வென்றார். இந்தத் தாளில் ஒரு பெயரை விட்டுவிட்டார்கள். அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். வால்ற்றர் உங்களைப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து கூட்டிவந்தார். தோற்ற வருடங்களில் உங்களைப் போகவிடவில்லை. அவருடைய வேலையை எடுத்த பிறகும் உங்கள் தாய்மாருக்குப் போன் எடுத்து, பிள்ளையை எடுக்காதீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியும். பைகளை எண்ணினது நான். உங்களில் ஆருடைய அம்மா என்னுடைய அறைக்கு வந்தாவோ, அவர்கள் எழும்புங்கள்."

முதலில் கஜன் எழும்பினான். பிறகு சிவப்பு நூல்காரன். பிறகு கதிரைகள் இழுபடுகிற சத்தம். ஒரு மேசை, மற்ற மேசை, அதற்கடுத்த மேசை. கிண்ணம் வாங்கின ரீமில் இருந்து எழும்பாமல் இருந்தவர்களை எண்ணுவது சுலபமாக இருந்தது. ஆறு பேர். அத்தனை பெரிய ஆம்பிளைகள் ஒரே நேரத்தில் நின்றதில், மேடையில் இருந்து பார்த்த எனக்குப் பின் மேசை மறைந்துவிட்டது. அவர்களாகவே திரும்பி, நடுவில் வழி விட்டார்கள்.

வால்ற்றர் எழும்பவில்லை. முழங்கால் விடவில்லை. தொப்பியை எடுத்து மடியில் வைத்தார்.

புதுக் கோச்சும் கை தட்டினார். மனதாரவோ, எல்லாரும் தட்டுகிறார்கள் என்றோ, எனக்குத் தெரியாது. மைக்கைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். கதவடிக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பிலோ, அந்தத் துவாய் இன்னும் என்னிடம் இருக்கிறது" என்றார்.

"தோய்க்கிறீங்களா?" என்று கேட்டேன்.

6

திரும்பி வரும்போது கார் பெருந்தெருவில் ஏறியது. ஜெனிற்றா சொன்னாள்.

"என்ர கலியாணத்திலைகூட ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ எண்டு மைக்கைத் தந்தம். நீங்கள் குசினிக்குள்ளை போய் ஒளிச்சிட்டியள்."

"அண்டைக்கு ஒருத்தரின்ரை பெயரையும் விடேல்லையே."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று பக்கவாட்டில் பார்த்துத் தெரியவில்லை. "மேசை துடைச்ச பிள்ளையளுக்கும் தாங்க்யூ சொன்னீங்கள் அம்மா" என்றாள். அடுத்த நாள் அவளுடைய சிநேகிதி ஒருத்தி போன் எடுத்து, உங்கள் வீடியோவைப் பார்த்தேன் அன்ரி, நீங்கள் புட்போல் ரீமுக்கு உடுப்புத் தோய்த்தது எனக்குத் தெரியாதே என்றாள். அந்த வீடியோவைத் தன் போனில் பிடித்து அனுப்பினது ஜெனிற்றாதான்.

அப்படி மைக்கில் கேட்டது மரியாதை இல்லை என்று அலுவலகத்தில் சிலருக்குக் கோபமாம். கஜன் சொன்னான். அடுத்த விருந்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிட வேண்டாம்.

கேடயம் நல்ல பாரமான மரம். நடுவில் பித்தளைத் தகடு. கிண்ணம் வென்ற ரீமுக்கும் அதன் கோச்சுக்கும் செய்த சேவைக்காக சூசைதாசனுக்கு என்று பொறித்திருக்கிறது. பிழையைத் திருத்தித் தரச் சொல்லலாம், அதற்கு ஒரு விண்ணப்பம் இருக்கும் என்றாள் ஜெனிற்றா. எனக்கு விண்ணப்பம் போதும் போதும் என்றாகிவிட்டது.

வேலையை விட்டு வரும்போது மாப்பேணியையும் பைக்குப் பெயர் எழுதுகிற பேனை ஒன்றையும் கொண்டுவந்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தேன். காயவில்லை. தகட்டுக்குக் கீழே மரத்தில் இடம் இருந்தது. எனக்கு ஒழுங்காக எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்தான். வால்ற்றர் என்று பெரிதாக எழுதினேன். அதற்குக் கீழே பிலோமினா. மனிசனின் பெயரை மேலே அப்படியே விட்டுவிட்டேன், பாவம்.

இப்போது அதை வாசல் கதவுக்கு நேரே கொளுவியிருக்கிறேன். அந்த மை எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது.